ரேஷன் அரிசியில் இருப்பது பிளாஸ்டிக் இல்லை

தாராவியில் நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்களில் இந்த வாரம் மறுபடியும் அந்த வீடியோ: ரேஷன் அரிசியைத் தண்ணீரில் போட்டால் சில மணிகள் மிதக்கின்றன, சோற்றை உருட்டி அடித்தால் பந்து மாதிரி எகிறுகிறது, எனவே சீன பிளாஸ்டிக் அரிசியாம்.

தவறு. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, சேவை பிழிவது போல இயந்திரத்தில் பிழிந்து, அரிசி வடிவில் வெட்டிக் காயவைத்து, சாதாரண அரிசியில் நூறு கிலோவுக்கு சுமார் ஒரு கிலோ என்று கலக்கிறார்கள். பிழிந்து செய்த மணி என்பதால் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சிலது மிதக்கும், அவ்வளவுதான். சோறு எகிறுவதற்குக் காரணம் மாவுச்சத்து, வீட்டுப் பொன்னி அரிசிச் சோற்றை உருட்டி அடித்தாலும் எகிறும், பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் என்றால் சூட்டில் உருகி இழுபடும், அரிசி கருகும். அப்புறம், அரிசியை விட விலை கூடின பிளாஸ்டிக்கை அரிசியில் கலந்து எவன் லாபம் பார்ப்பான்?

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்காகத்தான் இந்த மணிகள், நம் அக்காமார்களோ முறத்தில் உட்கார்ந்து அதையே பொறுக்கிக் குப்பையில் போடுகிறார்கள்! இந்த அரிசி மட்டும் ரத்தசோகையைத் தீர்த்துவிடாது, கீரையும் பருப்பும் வேண்டும்தான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.