பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா?

வேலூரை ஒட்டிய நம் காட்பாடிக்குப் போட்ட அந்த மதிப்பெண் பட்டியலை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குடியிருப்போர் சங்கக் குழுவில் தொடங்கி என் பள்ளித் தோழிகளின் குழு வரை அது வந்து சேர்ந்துவிட்டது. படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களை முதியோர் இல்லத்தில் சேர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஏற்ற ஊர் என்று காட்பாடிக்கு முதலிடம் தந்திருக்கிறார்கள். மருத்துவ வசதிக்கும் ரயில் வசதிக்கும் முழு மதிப்பெண். அமைதியான சூழலுக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். இதை என்னால் ஏற்க முடியவில்லை என்று குழுவில் இரண்டு வரி எழுதியதற்கு வந்த பதில்களைப் படித்தவர்களுக்கு, நான் ஏன் இங்கே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்பது புரியும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருப்பது வேறு, முதியவர்களை வைத்துப் பராமரிக்கத் தகுந்த ஊராக இருப்பது வேறு. எழுந்து நடக்க முடியாத ஒருவர் வருடத்தில் சில நாட்கள் மருத்துவமனைக்குப் போவார். மற்ற எல்லா நாட்களும் இல்லத்துக் கட்டிலில்தான் கிடப்பார். அந்த நாட்களில் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது யார், தண்ணீர் கொடுப்பது யார், ஈரமான துணியை மாற்றுவது யார் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை.

உடனே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான சி.எம்.சி.யையே குறை சொல்கிறீர்களா என்று ஒருவர் சீறியிருந்தார். நான் எங்கே குறை சொன்னேன்? வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வீட்டை அடகு வைத்துவிட்டு ஜனங்கள் இங்கே வருவதை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவள் நான். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் ஐடா ஸ்கடர், 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது. நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் கைகள் முதலில் வேண்டும் என்பது இந்த ஊர் நூறு வருடத்துக்கு முன்பே கற்ற பாடம். சி.எம்.சி.யின் பெயரைச் சொல்லி மதிப்பெண் போடுகிறவர்களுக்குத்தான் அது மறந்துவிட்டது. இங்கே பயிற்சி பெறும் செவிலியர்களில் எத்தனையோ பேர் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விடுகிறார்கள். அவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆனால் இல்லங்களில் இரவு வேலைக்கு வருவது குடியாத்தம் பக்கத்திலிருந்தும் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிற, எந்தப் பயிற்சியும் தரப்படாத பெண்கள். ஒரு ஆயாவின் தலையில் ஒரு தளம் முழுவதையும் கட்டிவிட்டு, அதற்குப் பெயர் இருபத்து நான்கு மணி நேரச் செவிலியர் சேவை என்று துண்டறிக்கையில் அச்சடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பக்கவாதம் வந்து என் அம்மாவின் வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் மிக நன்றாகப் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், படுக்கைப் புண் வராமலிருக்க ஏர் பெட் என்கிற காற்று மெத்தை போட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்ததோடு, செய்தும் காட்டினார்கள். நான் வேலைக்குப் போய்க்கொண்டு, இடுப்பு எலும்பு தேய்ந்த அப்பாவையும் வைத்துக்கொண்டு, என்னால் முடிந்தவரை பார்த்தேன். முடியாமல் போனபோதுதான் காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் இல்லத்தில் சேர்த்தோம். வேப்பமரம், காற்றோட்டம், அமைதி எல்லாம் இருந்தன. இன்றைக்குப் பட்டியல் போடுகிறவர்கள் பார்த்திருந்தால் அள்ளிக் கொடுத்திருப்பார்கள்.

ஒருநாள் பார்வை நேரம் முடிந்த பிறகு, மாத்திரை கொடுக்க மறந்ததால் திரும்பப் போனேன். ஏர் பெட் காற்றிழந்து தட்டையாகக் கிடந்தது. அதன் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் செல்போன் சார்ஜரைச் செருகியிருந்தார்கள். அம்மாவின் குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கறுத்து, விளிம்பெல்லாம் ஊறிப்போயிருந்தது. முதுகுப் பக்கத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அவ்வளவு பெரிய மருத்துவமனை அங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில்தான் இருந்தது. அதனால் அந்தப் புண் வராமல் இருந்ததா?

வெயிலைப் பற்றியும் பட்டியலில் ஒரு சொல் இல்லை. வேலூர் வெயிலை அறிந்தவர்கள் யாரும் அதை விட்டிருக்க மாட்டார்கள். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், மாடியில் தகரக் கூரை போட்டு அதற்குக் கீழே கட்டில் வரிசை போட்டிருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். மறதி நோய் வந்தவர் தாகம் எடுக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார். நாவு வறண்டு, சிறுநீர் குறைந்து, ஆள் துவண்டு போன பிறகுதான் தெரியவரும். அப்போது தூக்கிக்கொண்டு ஓடுவதற்குத்தான் அந்த மருத்துவமனை பயன்படுகிறது. ஓடவேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் பராமரிப்பு.

ரயில் வசதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்பாடி சந்திப்பில் சென்னை வண்டிகளும் பெங்களூரு வண்டிகளும் நிற்பது உண்மைதான். ஆனால் பார்க்க வருகிற கணவரோ மனைவியோ அவர்களும் முதியவர்களே. ரயிலில் அவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நிலையத்தில் இறங்கிய பிறகு பேருந்துப் படி ஏற முடியாமல், ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்து என் அப்பா போய்வந்தார். 2022-இல் ரயில்வே மேம்பாலம் பழுது பார்க்க மூடப்பட்டபோது அந்தப் பக்கம் போவதே பெரும்பாடாக இருந்ததை இதற்குள் மறந்துவிட்டோமா?

நல்ல இல்லங்களும் இருக்கின்றன, எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறார்கள். இருக்கின்றன, நானே போய்ப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், தானே எழுந்து கழிப்பறைக்குப் போகக் கூடியவரை மட்டும்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பல இடங்களில் சொல்லிவிடுகிறார்கள். பணத்தைச் செலவழித்தால் கிடைக்கும் என்பவர்களுக்கு, ஓய்வூதியத்தில் வாழும் குடும்பங்களின் கணக்கு தெரியாது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற ஏழை முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில், அமைக்கப்படலாம் என்கிறது. 'அமைக்கப்படலாம்' என்றுதான் இருக்கிறது. பிள்ளை இருந்தும், கொஞ்சம் பணம் இருந்தும், படுக்கையில் கிடக்கிறவர் அந்தப் பிரிவுக்குள்ளும் வரமாட்டார்.

எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்தியது, பெற்ற தாயை இல்லத்தில் தள்ளிவிட்டு அதற்கு மதிப்பெண் வேறு பேசுகிறாயா என்று என் பெரியப்பா மகன் எல்லோரும் பார்க்க எழுதியதுதான். தள்ளிவிட்டது என்று எழுத அவருக்கு எப்படிக் கை வந்தது? அம்மாவைத் தூக்கித் தூக்கி என் முதுகு போன கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. பகலெல்லாம் அலுவலகத்தில் நின்றுவிட்டு, இரவில் அலாரம் வைத்து எழுந்து புரட்டிப் படுக்க வைத்த மாதங்களில், பாவ புண்ணியம் பேசுகிறவர்களில் ஒருவரும் ஓர் இரவு மாற்றிவிட வரவில்லை. மகன் என்றால் பணம் அனுப்பினாலே போதும், பெருமையாகப் பேசுவார்கள். மகளாக இருந்தால் உடம்பையே கொடுத்தாலும் கேள்விதான் வரும். இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று சொல்லிச் சொல்லியே, சேர்த்த குடும்பங்களை வெளியில் வாய் திறக்க முடியாமல் செய்துவிட்டோம். புண்ணைப் பார்த்த பிறகும் எத்தனை பேர் வெட்கப்பட்டுக்கொண்டு புகார் கொடுக்காமல் இருந்திருப்பார்கள்? அந்த மௌனம் மோசமான இல்லங்களுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று யோசித்தீர்களா?

பட்டியல் போட்டவர்களிடம் நான் கேட்பது இதுதான். இரவு பத்து மணிக்கு மேல், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆள் விழித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கழிப்பறை வாசலில் படி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது ஒருவரின் குதிகாலைக் காட்டச் சொல்லுங்கள். சங்கத்தின் சார்பில் போவதென்றால் நானும் கூட வருகிறேன்.

அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒன்று. அம்மா அந்த இல்லத்தில் இருந்த காலமெல்லாம் நீங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் காட்பாடி வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தீர்கள். ஒருமுறையாவது இறங்கி வந்து சித்தியின் கையைப் பிடித்தீர்களா? முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள், அதுவும் எல்லோரும் பார்க்கும்படியே எழுதுங்கள்.