காதால கேட்டா படிச்சதா ஆகாதாம்

ஞாயித்துக்கெழம பாண்டி கூட்டத்துல நடந்தது உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும், மீதி பேர் வீடியோ பாத்திருப்பீங்க, அதனால அங்க பேசின பெரியவர் பேர எழுதல. விட்டுத் தொலைக்கலாம்னு ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன், முடியல.

"செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்"னு குறள் சொல்லித்தான் பேச்ச ஆரம்பிச்சாரு. பத்தே நிமிஷம். "ஆடியோபுக்னு ஏதோ பண்றாங்க, அதெல்லாம் புத்தகத்துல சேத்தி இல்ல"ன்னுட்டாரு. தன் கதைய தானே பேசிப் பதிவு பண்ணி ஆடியோபுக்கா விட்ட கடலூர் அக்கா மூணாவது வரிசையில உக்காந்திருந்தாங்க. ஐயா, நீங்க சொன்ன குறள் கேள்வி அதிகாரம். அதுலயே மூணு குறள் தள்ளி "கற்றிலன் ஆயினும் கேட்க"ன்னு இருக்கு, அந்தப் பக்கம் போகலையோ?

கேக்கறதும் படிக்கறதுதான். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிக்கறாங்க, கேக்கப் போறோம்னுதான நம்ம சனங்க சொல்லுவாங்க? கையெழுத்து போடத் தெரியாத கெழவிங்க அர்ஜுனன் தபச வரி மாறாம சொல்லுவாங்க, அவங்கள எந்தக் கணக்குல வெப்பீங்க?

அக்கா கதைய கேக்காதவங்களுக்கு மட்டும்: விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில கல்லா கெடக்கற மரத்துல ஒரு பொண்ணு காத வெக்கறா, மரம் பேசுது, அவ 2 கோடி வருஷம் பின்னாடி போய்டறா. வெள்ளத்துல அடிச்சிட்டு வந்து மண்ணுல பொதைஞ்ச மரத்துக்குள்ள தண்ணியோட சிலிக்கா எறங்கி, மரம் கொஞ்சம் கொஞ்சமா கல்லாகறத அவ உள்ள இருந்தே பாக்கறா. அங்க வேர், கெள இல்லாம வெறும் அடிமரமா கெடக்கே, அதுக்குக் காரணமும் கதையிலயே வந்துடுது. என் பொண்ணு தோசைய ஆறவிட்டுட்டு கேட்டா. பாடப் புத்தகத்துல இத ரெண்டு வரி படிச்சிருந்தா பரீட்சை முடிஞ்சதும் மறந்திருப்பா.

"மரம் பேசுமா, இது அறிவியலா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. பேசாது சார். எட்டு வயசுப் புள்ளைக்கே அது தெரியும்.

"புள்ளைங்க எழுத்தையே மறந்துடுவாங்க"ன்னு சொல்றவங்க கவலை நியாயம்தான், ஒத்துக்கறேன், என் பொண்ணும் படிக்க சோம்பேறிதான். ஆனா கத மேல ஆசையே வராத புள்ள கையில புத்தகத்தக் குடுத்து இன்னா பண்ணப் போறீங்க?

எனக்கு உண்மையில சுட்டது அது இல்ல. "உச்சரிப்பு கடலூர் பாஷையா இருக்கு"ன்னு அந்தப் பெரியவர் சிரிச்சாரே, அதுதான். அக்கா கடலூர் ஓல்டு டவுன்ல சின்ன வீட்ல, ராத்திரி ஊர் அடங்கினப்புறம் ஃபேன நிறுத்திட்டு, போர்வைய தலைமேல போத்திக்கிட்டு, வேர்த்து ஊத்த ஊத்த செல்போன்ல பேசினது அது. கதையில வர்ற பொண்ணு "இன்னாக்கா"ன்னு சொன்னா அவளுக்கு அறிவியல் புரியாதா? மெட்ராஸ் ஸ்டுடியோவுல யாராவது வழவழன்னு பேசியிருந்தா மட்டும் கை தட்டியிருப்பீங்க.

எங்க ஆயாவும் இன்னான்னுதான் பேசும். 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டி பக்கம் எங்க முந்திரித் தோப்பு ஒரே ராத்திரியில படுத்துருச்சு. ஆயா அதுல விழுந்த ஒரு மரத்து மேல உக்காந்து பகல் பூரா அழுதுச்சு. கரண்ட் வர எத்தன நாளாச்சுன்னு கடலூர்க்காரங்களக் கேளுங்க. அந்த இருட்டுல வீட்டுப் புள்ளைங்கள சுத்தி உக்கார வெச்சி, திருவக்கரையில கெடக்கறதெல்லாம் வக்கிராசுரனோட எலும்புன்னு அது கதை சொல்லுச்சு பாருங்க... எலும்பு இல்ல, கல்மரம்னு நான் அப்புறமாத்தான் படிச்சேன். ஆனா அங்க போய்ப் பாக்கணும்னு எனக்குத் தோணினது அந்த ராத்திரி. ஆயாவுக்கு அ, ஆ கூடத் தெரியாது. அதுவும் புத்தகத்துல சேத்தி இல்லதான, சார்?

நேத்து அக்காவுக்கு போன் பண்ணேன். ரெண்டாம் பாகத்துல மூணு அத்தியாயம் பேசி வெச்சிருந்தாங்களாம், அழிச்சிட்டாங்களாம். "அந்த இன்னாவெல்லாம் எடுத்துட்டு திரும்பப் பேசட்டுமாப்பா?"ன்னு என்கிட்ட கேக்கறாங்க.