ரான் வாஷிங்டனின் முழங்கால் பயிற்சி
அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர் ரான் வாஷிங்டனைப் பற்றிய ஒரு கட்டுரை, அவர் மேலாளராக இருந்த டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி தோற்ற 2010, 2011 உலகத் தொடர்களை (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்கள்) விரிவாகச் சொல்கிறது. வாஷிங்டன் பயிற்சி தரும் முறைக்கு மட்டும் ஒரே வரி. அவருடைய உண்மையான சாதனை அதில்தானே இருக்கிறது!

ஆட்டக்காரராக 1977இல் டாட்ஜர்ஸ் அணியில் அறிமுகமாகி, 1981 முதல் 86 வரை மின்னசோட்டா அணியில் ஆடியவர், நட்சத்திரம் அல்ல.

ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுப்பவர்), மூன்றாம் பேஸ் ஆட்களை மண்டியிட வைத்து, சில அடி தூரத்திலிருந்து ஃபங்கோ எனும் இலேசான பயிற்சி மட்டையால் தரையோடு பந்தைத் தட்டிவிடுவார். அவர்கள் கையில் சின்னப் பயிற்சிக் கிளவ் (பந்து பிடிக்கும் கையுறை). கால்கள் உதவிக்கு வராததால் கையின் குறை உடனே வெளிப்படும். பந்து உடம்புக்கு அடியில் வரும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. கடைசி நொடியில் பந்து வேறு மாதிரி எகிறினால் கையைத் திருத்த இடமே இருக்காது. கையை முன்னால் நீட்டி, கிளவைத் தரையில் வைத்துக் கீழிருந்து மேலே வர வேண்டும். மேலிருந்து இறக்கினால் பந்து அடியில் புகுந்து போய்விடும். நேர்ப்பந்து, புறங்கைப் பக்கம், அரைக்குதி (தரையில் பட்டு எழும்போதே பிடிப்பது) எல்லாம் பழகிய பிறகே எழுந்து நின்று கால் வேலை.

பலன் வேண்டுமா? ஓக்லண்ட் அணியின் ஷார்ட்ஸ்டாப் மார்கஸ் செமியன் 2015இல் 35 பிழைகள் (பிடிக்க வேண்டிய பந்தைத் தவறவிடுவது, தவறாக எறிவது) செய்தார். அந்தப் பருவத்தின் நடுவில் வாஷிங்டன் அங்கே பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு 21. அதற்கு முன்பே, ஓக்லண்டின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரராக இருந்த எரிக் சாவேஸ், சிறந்த தடுப்பாட்டத்துக்கான தன் தங்கக் கிளவ் விருதுகளில் ஒன்றை வாஷிங்டனுக்கே கொடுத்துவிட்டார்.

இதைச் சிறுவர்களுக்குச் சொல்லித் தருபவர்கள் முதலில் பந்தின் வேகத்தைக் கூட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், பயத்தில் கை இறுகிவிடும். மெதுவாக உருட்டிவிட்டே தொடங்குங்கள்.