அல்ஃபெலியனும் இல்ல, ஆகஸ்ட் வரைக்கும் குளிரும் இல்ல
கோடை ஆரம்பத்துல ரெண்டு நாள் மேகம் போட்டு குளிர்ந்தா போதும், "சூரியன்ல இருந்து 9 கோடி கிமீல இருக்கற பூமி, அல்ஃபெலியன்னால 66% தள்ளிப் போகுது, ஆகஸ்ட் வரை குளிரும், சளி காய்ச்சல் வரும்"னு அந்தப் பழைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்துடுது. சராசரி தூரமே சுமார் 15 கோடி கிமீ, ஜூலை தொடக்கத்துல அதிகபட்சமா 15.2 கோடி, அவ்ளோதான். மெசேஜ்ல இருக்கற 9 கோடி அனேகமா மைல் கணக்கு (9.3 கோடி மைல்னா அதே 15 கோடி கிமீதான்), யாரோ கிமீன்னு மாத்திப் போட்டு விட்டுட்டாங்க போல. பூமி இப்படி கொஞ்சம் தள்ளிப் போறது வருஷா வருஷம் நடக்கறதுதான், அப்பவும் வடக்கு அரைக்கோளத்துல வெயில் கொளுத்தும், ஏன்னா பருவத்த முடிவு பண்றது பூமியோட 23.4 டிகிரி சாய்வு. இந்த வாரம் ஒரு நாள் வெயில் ஒரு நாள் மழைன்னு மாறுறது காத்தும் மேகமும் பண்ற வேலை. பூமி சூரியன விட்டு அதிகபட்ச தூரத்துல இருக்கற அந்த நிலைக்குப் பேர்கூட அல்ஃபெலியன் இல்லங்க, அப்ஹீலியன்.