கொல்லைப்புறத்துச் சமையல்கட்டில் தங்குங்கள்

அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன். தெருவைப் பார்த்த பெரிய வீட்டில் அறை தேடாதீர்கள், கொல்லைப்புறத்துச் சமையல்கட்டில் தங்குங்கள். கொஞ்சம் நீளமான பதிவு இது, பொறுமையாகப் படியுங்கள்.

வர்ஜீனியா, மேரிலாந்துப் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்த ஊர் தெரிந்திருக்கும். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகரம். அப்புறம் தலைநகரம் ரிச்மண்டுக்குப் போய்விட, ஊர் அடங்கிப்போனது. 1926-இல் உள்ளூர்ப் பாதிரியார் குட்வின் தூண்டுதலில் கோடீஸ்வரர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் போட, பழைய ஊரை மீட்டெடுக்கும் வேலை தொடங்கியது. 80-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே நிற்கின்றன. மற்றவை பழைய அஸ்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டியவை. அவற்றில் சில வீடுகளை இரவு தங்க வாடகைக்கு விடுகிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு சமையல்கட்டு. அந்தக் காலத்து வசதியான வீடுகளில் சமையல் கட்டடம் தனியாகத்தான் இருக்கும். அனல், புகை, தீப்பிடிக்கும் பயம் எல்லாம் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. சமைக்கிற அடிமை மக்கள் கண்ணில் படாமல் தள்ளியே இருக்க வேண்டும். ஆறிப்போகாமல் சாப்பாட்டை முற்றத்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர்கள் பாடு.

அடுப்பு ஒரு பக்கச் சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பானை தொங்கவிடும் இரும்புக் கை இன்னும் இருக்கிறது. செங்குத்தான குறுகிய படியில் ஏறினால் மச்சு. கூரைச் சரிவில் தலை இடிக்கும். இந்த மாதிரி மச்சுகளில்தான் அவர்கள் படுத்தார்கள். இப்போது ஏசி இருக்கிறது, குளியலறை இருக்கிறது. ஆனால் ஜூலை மாதத்தில், விடிந்ததிலிருந்து கீழே எரிந்த அடுப்பின் சூட்டோடு இந்தச் சரிவுக்கு அடியில் ஒரு குடும்பம் எப்படித் தூங்கியிருக்கும் என்று நினைக்காமல் அங்கே படுக்க முடியவில்லை. பெரிய வீட்டில் தங்கியிருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது.

மறுநாள் பெய்ட்டன் ராண்டால்ஃப் வீட்டுக்குப் போனோம். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் 1774-இல் கூடிய முதல் கண்டப் பேரவையின் தலைவர் அவர். சிவப்பு வண்ணம் அடித்த அழகான மரவீடு. அடுத்த ஆண்டு அவர் இறந்த பிறகு எடுத்த சொத்துப் பட்டியலில், சாமான்களோடு சாமான்களாக 27 மனிதர்களும் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஈவ், எஜமானிக்குப் பணிவிடை செய்தவர். 1775 நவம்பரில் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தன் படையோடு வந்து சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். ஈவ் கிளம்பிப் போனார். பிறகு திரும்பவும் அதே வீட்டுக்கு வர நேர்ந்தது. 1782-இல் எஜமானி தன் உயிலைத் திருத்தினார்: ஈவின் கெட்ட நடத்தையால் அவரை விற்க வேண்டியதாயிற்று. சுதந்திரம் கேட்டு ஒரு நாடே போர் செய்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதே சுதந்திரத்தைத் தேடிப் போனதற்குப் பெயர் கெட்ட நடத்தை.

ஊரில் ஒரு செங்கல் சூளையும் இருக்கிறது. வெயில் காலத்தில் வருகிறவர்களையும் களிமண் மிதிக்க விடுகிறார்கள். என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியதும் ஏறவே மாட்டேன் என்று விட்டாள். அந்த நாளில் இந்த வேலை குழந்தைகளுடையதும்தான். காரைக்குச் சுண்ணாம்பு, சிப்பி ஓடுகளைச் சுட்டு எடுத்தது, நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு போலவே. வர்ஜீனியாவின் பழைய செங்கற்கள் சிலவற்றில், ஈரம் காயும் முன் தூக்கியவர்களின் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும். பெயர் எங்கும் எழுதப்படாதவர்களின் விரல்கள் அவை.

இந்த ஊரும் இதையெல்லாம் முதலிலிருந்தே சொல்லிவிடவில்லை. புரட்சிக் காலத்தில் ஊர் மக்களில் பாதிப் பேர் கறுப்பின மக்கள். ஆனாலும் அவர்கள் கதையை முறையாகச் சொல்லத் தொடங்கியதே 1979-இல்தான். 1776-ஐத் தன் தொடக்கமாகக் கொண்ட கறுப்பினத் திருச்சபை ஒன்று அங்கே உண்டு. அதன் பழைய கட்டடத்தை 1950-களில் இடித்து, பின்னால் அந்த இடத்தை வாகன நிறுத்துமிடமாக்கினார்கள். 2020-இல்தான் அகழாய்வு தொடங்கியது. 60-க்கும் மேற்பட்ட கல்லறைகள் வெளிப்பட்டன. இத்தனை காலம் அவற்றின் மேல்தான் கார்கள் நின்றிருக்கின்றன.

அடிமைகள் உழைத்த இடத்தில் விடுமுறையைக் கழிப்பது சரியா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில், கட்டாயம் போக வேண்டும் என்பதுதான். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் மரச்சாமான்தான் மனதில் நிற்கும். இரவு தங்கினால் தண்ணீர் யார் இறைத்தார்கள், விறகு யார் பிளந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் வாடகை வாங்குகிறவர்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் அம்மா வழிப் பாட்டியின் குடும்பம் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வாழ்ந்தது. இன்று அந்த மலைகளிலும் நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாக்கள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. கணப்படுப்பு, தேக்குத் தரை, புல்வெளி, பட்லர் கொண்டுவரும் தேநீர் என்று பக்கம் பக்கமாக விளம்பரம். கொழுந்து பறித்தவர்களைப் பற்றி நான் பார்த்த விளம்பரங்களில் ஒரு வரி கிடையாது. அடிமை முறையும் தோட்டக் கூலி முறையும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் ஆள் பிடித்து வந்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பமும் கதை அல்ல. இலங்கையில் 1948-இல் அந்த மக்களின் குடியுரிமையையே பறித்தார்கள். அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

அடுத்த முறை பங்களாவுக்குப் பணம் கட்டும் முன் போன் போட்டுக் கேளுங்கள். இந்த வீட்டில் சமைத்தவர்கள் யார், அவர்கள் குடியிருந்த லயம் எங்கே, அவர்கள் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்களா? பதில் வரவில்லை என்றால், தங்கிவிட்டு வந்து எழுதும் விமர்சனத்தில் அதையும் சேர்த்து எழுதுங்கள். நானும் எழுதப்போகிறேன்.