உங்கள் மலை, என் பாலைவனம்

கதை எழுதச் சேர்ந்து ஒரு கற்பனைக் கிரகத்தை வரையலாம் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது, "எனக்கு எந்த நாடு?" ஆளுக்கொரு நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சண்டை இருக்காதுதான். ஆனால் அது பொதுக் கிரகமாகவும் இருக்காது. ஒரே மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு குடியிருக்கும் வாடகை வீடுகள், அவ்வளவுதான்.

வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் அறிவியல் புனைகதை எழுதுகிற நாங்கள் சிலர் ஒரு பழைய கால்பந்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்து அதில்தான் வரைகிறோம். காற்றடிக்கும் ஓட்டைதான் வடதுருவம். தாளில் கட்டம் போட்டு வரைந்தால் எல்லாக் கட்டமும் ஒரே அகலமாகத் தெரியும், துருவத்துப் பக்கம் கட்டம் வாங்கியவர் பெரிய ஜமீன் கிடைத்த மாதிரி குஷியாகிவிடுவார். பூமி அளவுள்ள கோளில் நிலநடுக்கோட்டில் 10 பாகை அகலம் ஏறத்தாழ 1,110 கிலோமீட்டர். துருவத்தை ஒட்டிய 80-ஆம் பாகை அட்சரேகையில் அதே 10 பாகை 190 கிலோமீட்டர் சொச்சம்தான். பந்தைக் கையில் கொடுத்தால் பேச்சே வேண்டாம்.

முதல் பெரிய தகராறு மலையால் வந்தது. ஒருவர் தன் மேற்குக் கரை நெடுக மலைத்தொடர் போட்டார். காற்று மேற்கிலிருந்து வீசும் பகுதி அது. கிழக்கே இருந்தவரோ வயலும் வாய்க்காலுமாகப் பாதிக் கதையை எழுதி வைத்திருந்தார். "மலை உன் நாட்டில் இருக்கு, என் நெல் ஏன்யா காயணும்?" என்று கத்தினார். நாம் ஜூன் மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வராத மழைக்காக அக்டோபர் வரை காத்திருக்கிறோமே, அதே கணக்குதான். கடைசியில் அவர் பாலக்காட்டுக் கணவாய் மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதன் வழியாக வரும் ஈரக்காற்றை நம்பிப் பிழைக்கும் ஒரே ஓர் ஊர் இப்போது அவர் கதையில் இருக்கிறது. பழைய கதையைவிட இது பத்து மடங்கு மேல்.

"இதெல்லாம் கற்பனைக்குப் போடும் கைவிலங்கு" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடசென்னைக்காரனுக்குத் தோன்றவும் கூடாது. நம் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திசை மாறும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். வந்த மணல் தெற்கே தங்கியது, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்றது, அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டி ஏன் கருங்கல்லாகக் கொட்டிக் கிடக்கிறது என்பதற்குப் பெரிய காரணம் இதுதான். வரைபடத்தில் துறைமுகம் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை இழுத்த இடம் ஒன்று, கரை கரைந்த இடம் வேறு. இந்த ஊரில் இருந்துகொண்டு "என் நாடு, என் இஷ்டம்" என்று கிரகம் வரைந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் எங்கள் விதி இப்படி: ஆறோ அணையோ மலையோ, யார் வேண்டுமானாலும் வரையலாம். அதன் விளைவை எழுதும் உரிமை வரைந்தவருக்கு இல்லை, பக்கத்து நாட்டுக்காரருக்கு. வரைந்தவர் எழுதினால் எல்லா அணையும் நல்ல அணையாகவே இருந்துவிடுகிறது.

பெயர் வைப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். புதன் கோளில் ஒரு பள்ளத்துக்குத் தியாகராஜர் பெயர் இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, ஆளாளுக்குத் தாத்தா பெயரோடு கிளம்பி வந்துவிட்டார்கள். அப்புறம் பார்க்கலாம்.

இப்போது ஓடும் சண்டை: கிழக்குக் கரையில் ஒருவர் பிரம்மாண்டமான துறைமுகம் கேட்கிறார். தாராளமாகப் போடட்டும். நீரோட்டம் போகும் திசையில் அடுத்திருக்கும் மீனவக் குப்பத்தை எழுத முதலில் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தானே எழுதிவிடுவதாகச் சொல்கிறார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.