பேய்கள் நம் தெருவுக்கே வரட்டும்

'கூல் பேட்ரோல்' ஆட்டத்தை நேற்றிரவு மூன்றாவது முறையாக ஆடி முடித்தேன். கூல் என்றால் பிணந்தின்னிப் பேய். 1994-இல் சூப்பர் நின்டெண்டோ ஆட்டக் கருவியில் வந்த பழைய வீடியோ கேம் அது. அதன்மேல் எனக்குப் பிரியமும் உண்டு, நெடுநாள் மனத்தாங்கலும் உண்டு. இரண்டையும் இன்று எழுதிவிடுகிறேன். பதிவு நீளும், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. அந்த ஆட்டத்தை உருவாக்கியது மோஷன் பிக்சல் என்ற மலேசிய நிறுவனம். அமெரிக்காவின் லூகாஸ்ஆர்ட்ஸ், முந்தைய ஆண்டு தான் செய்த 'ஸோம்பீஸ் ஏட் மை நெய்பர்ஸ்' ஆட்டத்தின் அடிப்படை நிரலைக் கொண்டே இதைச் செய்ய, வேலையை இங்கே ஒப்படைத்தது. 1994-லேயே மலேசியர்கள் ஒரு சூப்பர் நின்டெண்டோ ஆட்டம் செய்திருக்கிறார்கள்! இதை அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரப்பரும் ஈயமும் எங்கே விளைந்தன, எங்கே தோண்டப்பட்டன என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

'கூல் பேட்ரோல்' இரண்டாம் பாகம். முதல் ஆட்டமான 'ஸோம்பீஸ் ஏட் மை நெய்பர்ஸ்' எனக்கு அறிமுகமானது கோலாலம்பூரின் செந்தூலில், எங்கள் வரிசை வீட்டின் முன்னறையில். மாமா அண்ணனுக்கு மெகா டிரைவ் என்ற பழைய ஆட்டக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. ஸீக், ஜூலி என்று இரண்டு பிள்ளைகள். ஒரே திரையில் இருவர் சேர்ந்து ஆடலாம். அண்ணன் ஸீக், நான் ஜூலி. ஊருக்குள் பிணங்கள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டன; அக்கம்பக்கத்தாரை அவை தொடுவதற்குள் நாம் ஓடிப்போய்த் தொட்டுக் காப்பாற்ற வேண்டும். கதை அவ்வளவுதான்.

ஆனால் அதில் இருந்த சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கையில் இருக்கும் முதல் ஆயுதம் தண்ணீர்த் துப்பாக்கி. அப்புறம் சோடா டின், தக்காளி, ஐஸ்கிரீம் குச்சி, புல் வெட்டும் இயந்திரம். ஓநாய் மனிதன் துரத்தினால் வெள்ளிக் கரண்டியை எறிய வேண்டும். ஒரே வீச்சில் விழுந்துவிடுவான். எல்லாமே ஒரு வீட்டுச் சமையலறையிலும் பின்கட்டிலும் கிடக்கும் பொருட்கள். பேய் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு சாதாரணமானது நம் ஆயுதம். பேய்க்கதை சொன்ன எங்கள் பாட்டிக்கும் இந்தச் சூத்திரம் தெரிந்திருந்தது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வெள்ளைச் சேலை உருவம் வாசலில் வந்து நின்ற கதையைப் பாட்டி சொல்லும்போது, தாத்தா அதைத் துரத்திய விளக்குமாறு கட்டாயம் வந்துவிடும். நடுங்கிக்கொண்டே சிரிப்போம்.

பயம் எங்கிருந்து வந்தது? பேய்களிடமிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆட்டத்தில் ஒரு கடுமையான விதி இருக்கிறது. காப்பாற்ற வேண்டியவர்கள் அதிகபட்சம் பத்துப் பேர். ஒருவரை இழந்தால், சின்னத் தேவதையாக மேலே பறந்துபோவார். அடுத்த கட்டத்தில் ஒன்பது பேர்தான் இருப்பார்கள். இழப்பு கூடவே வரும். கடைசி ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. 48 கட்டங்கள். கடவுச்சொல் எழுதிவைத்து மறுநாள் தொடரலாம். ஆனால் சேர்த்த ஆயுதங்கள் எதுவும் திரும்ப வராது. இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும் மனிதர், தவழ்ந்து திரியும் குழந்தை, இவர்களை விட்டுவிட்டு ஓட முடியாது. அண்ணன் அவர்களுக்கெல்லாம் எங்கள் தெருக்காரர்களின் பெயரை வைத்திருந்தான். குழந்தையை இழந்த அன்றைக்கு நான் நிஜமாகவே அழுதேன்.

இனி மனத்தாங்கல்.

'கூல் பேட்ரோல்' முதல் ஆட்டத்தைவிடப் பார்வைக்கு அழகு. நம்மவர்கள் வரைந்த பேய்களின் அசைவைப் பாருங்கள், மெருகு தெரியும். முன்பு இல்லாத தாவலும் சறுக்கலும் இதில் உண்டு. நூலகத்தில் நடக்கும் ஒரு பேய்க் கண்காட்சிக்குப் பிள்ளைகள் போகிறார்கள். பழைய புத்தகம் ஒன்றைத் திறந்து படிக்கிறார்கள். உள்ளே அடைபட்டிருந்த ஆவி வெளியே வந்துவிடுகிறது. இதுவரை அருமை. அதன் பிறகு ஆட்டம் காலத்தைத் தாண்டிப் பறக்கிறது. பழைய ஜப்பான், கடற்கொள்ளையர் உலகம், கோட்டை கொத்தளங்கள். இங்கேயும் ஆட்களைக் காப்பாற்றுகிறோம். ஆனால் அவர்கள் யார்? அவர்கள் வீட்டு வேலியை நாம் பார்த்ததில்லை. அவர்கள் செத்தால் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான்.

இது அந்த ஓர் ஆட்டத்தின் பிழை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2009-இல் வந்த 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்' உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். ஜார்ஜ் ஃபேன் வடிவமைத்தது. செடிகளை நட்டு, வீட்டை நோக்கி வரும் பிணங்களைத் தடுக்க வேண்டும். முழு ஆட்டமும் ஒரே வீட்டைச் சுற்றி நடக்கும்: முன்பக்கப் புல்வெளி, பின்பக்க நீச்சல்குளம், கடைசியில் கூரை. எதிரி ஒவ்வொரு கட்டமாக நம் வீட்டை நெருங்குவதை நம்மால் உணர முடிந்தது. 2013-இல் இரண்டாம் பாகம் வந்தது. எங்கே போனார்கள்? பண்டைய எகிப்து, கடற்கொள்ளையர் கடல், அமெரிக்காவின் மேற்குப் பாலைவனம். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதே கால யந்திரம், அதே கடற்கொள்ளையர்கள்! போதாக்குறைக்கு, இலவசம் என்று சொல்லி உள்ளே விட்டுவிட்டு, செடிக்குக் காசு கேட்டார்கள். நான் அதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

காலப்பயணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சரியாகச் செய்த இரண்டாம் பாகமும் இருக்கிறது, அதுவும் அதே லூகாஸ்ஆர்ட்ஸிலிருந்து. 1987-இல் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் 'மேனியாக் மேன்ஷன்' செய்தார்கள். கிறுக்கு விஞ்ஞானியின் மாளிகைக்குள் நுழையும் பிள்ளைகளின் கதை. 1993-இல் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் அதன் தொடர்ச்சியாக 'டே ஆஃப் தி டென்டக்கிள்' கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பிள்ளை 200 ஆண்டுகள் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறான், இன்னொருத்தி 200 ஆண்டுகள் முன்னால் போய்விடுகிறாள். மூன்றாமவன் நிகழ்காலத்திலேயே இருக்கிறான். ஆனால் மூவரும் நிற்பது ஒரே மாளிகை. ஒரு நூற்றாண்டில் செய்த காரியத்தின் விளைவு அதே வீட்டில் இன்னொரு நூற்றாண்டில் தெரிகிறது. அதைவிடவும், அந்த வீட்டில் இருக்கும் ஒரு கணினியைத் தொட்டால் பழைய 'மேனியாக் மேன்ஷன்' முழுவதையும் உள்ளேயே ஆடலாம். வீட்டை விட்டு நகராமலேயே 400 ஆண்டுகளைச் சுற்றிக் காட்டினார்கள். இரண்டாம் பாகம் எழுத உட்காரும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய ஆட்டம் அது.

2021 ஜூன் இறுதியில் 'ஸோம்பீஸ் ஏட் மை நெய்பர்ஸ்', 'கூல் பேட்ரோல்' இரண்டையும் ஒரே தொகுப்பாக மறுபடி வெளியிட்டார்கள். நாமெல்லாம் முழு ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த மாதம். வாங்கி, மகளோடு ஆடினேன். அவள் ஜூலி, நான் ஸீக். அதே வாரங்களில்தான், உதவி தேவைப்படும் வீடுகள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டலாம் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. எங்கள் அடுக்குமாடியில் நான்காம் மாடியில் ஒரு கொடி தொங்கியது. அரிசியும் முட்டையும் கொண்டுபோய்க் கதவருகே வைத்துவிட்டுத் திரும்பினோம். அன்றிரவு ஆடும்போது மகள் அந்த இறைச்சி வாட்டும் மனிதரைக் காட்டி, "இவர்தான் நாலாம் மாடி அங்கிள்" என்றாள். என் அண்ணன் செய்ததை நான் அவளுக்குச் சொல்லியதே இல்லை. மறுவாரம் 'கூல் பேட்ரோல்' ஆரம்பித்தோம். ஜப்பான் வந்ததும், "இவர்களெல்லாம் யாரப்பா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் மோஷன் பிக்சலை நினைத்தால் எனக்குள் ஏதோ அடைக்கிறது. மற்றவர் தந்த வேலையை அவர்கள் நேர்த்தியாகச் செய்து கொடுத்தார்கள். அவர்கள்மேல் துளியும் குறையில்லை. ஆனால் பேய்களுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இருந்துகொண்டு, ஜப்பானியப் பேய்களையும் கொள்ளையர் பேய்களையும் வரைய வேண்டியதாயிற்றே!

நம் தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாழைமரத்தடியில் பொந்தியானாக் என்ற பெண்பேய், கெம்போஜா பூவின் வாசம் முன்னால் வரும். காசு திருடும் குட்டிப்பேய் தொயோல். வாசலில் கோலிக்குண்டுகளை இறைத்துவைத்தால் விளையாட உட்கார்ந்துவிடும் என்று மலாய்க்கார நண்பர்கள் சொல்வார்கள். குதித்துக் குதித்து வரும் சீனத்துப் பிணம். மூச்சை அடக்கினால் நம்மைக் கண்டுகொள்ளாது. நம் பாட்டிகளின் மோகினி. அவளுக்கு வேப்பிலையும் எலுமிச்சம்பழமும். ஆயுதங்களைப் பாருங்கள்: கோலிக்குண்டு, எலுமிச்சை, விளக்குமாறு, அடக்கிய மூச்சு. முதல் ஆட்டத்தின் சிரிப்பு அப்படியே இங்கே தயாராக இருக்கிறது. இதற்குமேல் யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முனீஸ்வரரை மட்டும் யாரும் பேயாக்கிவிடக் கூடாது. அவர் எல்லையில் காவல் நிற்பவர். சுருட்டு வைத்துக் கும்பிட்டால் ஒரு கட்டத்துக்குத் துணைக்கு வரட்டும்.

காப்பாற்ற வேண்டிய பத்துப் பேர் யாரென்றும் எனக்குத் தெரியும். ரோட்டி சானாய் வீசும் அண்ணன், மாடியில் துணி காயவைக்கும் சீனத்து ஆண்டி, மாலையில் சுராவுக்கு, அதாவது சிறு தொழுகைக் கூடத்துக்கு, நடந்துபோகும் மலாய்த் தாத்தா, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள். ஒரு மொழிக்காரர் மட்டும் தப்பிப் பிழைத்தால் அடுத்த கட்டம் திறக்கக் கூடாது என்று ஒரு விதியும் சேர்ப்பேன்.

மகள் ஏற்கெனவே எங்கள் அடுக்குமாடியின் வரைபடத்தைப் போட்டுவிட்டாள். மின்தூக்கி பழுது என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாள். பதினேழு மாடி படியேற வேண்டும், பின்னால் பொந்தியானாக்.

மோஷன் பிக்சலில் அன்றைக்கு வேலை செய்தவர்கள் இப்போது ஐம்பதுகளில், அறுபதுகளில் இருப்பார்கள். யாராவது இதைப் பார்த்தால், அல்லது அவர்களை அறிந்தவர் யாராவது பார்த்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உங்கள் விருப்பப்படி ஒரு தெருவை வரையலாம் என்று அன்று சொல்லியிருந்தால், எந்தத் தெருவை வரைந்திருப்பீர்கள்?